குளிருக்கு ஏன் அம்மாவின் நெஞ்சு?

மார்கழி, தை இரவுகளில் கொடைக்கானலின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். நாம் நடுங்கியாவது சூடேறிக்கொள்வோம். குறைமாதக் குழந்தையால் அதுவும் முடியாது.

ஏன்? பச்சைக் குழந்தைக்குச் சூடு தருவது கழுத்திலும் முதுகிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு. அது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் சேரும். முந்திப் பிறந்தால் கையிருப்பு குறைவு. தோலும் மெல்லிசு, நீர் ஆவியாகும்போது சூடும் சேர்ந்தே போய்விடும். குளிர்ந்த உடல் ஆக்சிஜனையும் சர்க்கரையையும் சூட்டுக்கே செலவழிக்கும்.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் (கொடைக்கானலைவிட உயரமான ஊர்) குறைமாதக் குழந்தைகளுக்குச் சூடு தரும் இன்குபேட்டர்கள் போதவில்லை. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டவைத்தார். அதுதான் கங்காரு பராமரிப்பு. தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு, மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி, தலையை ஒருபக்கம் திருப்பித் துணியால் கட்டுவார்கள். பக்கத்திலேயே பால்.

டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. 1 முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்ததுமே கங்காரு பராமரிப்பைத் தொடங்கியபோது, முதல் 28 நாள் மரணம் 25 சதவீதம் குறைந்தது. அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். பிரசவித்த உடம்போடு மணிக்கணக்கில் சாய்ந்திருப்பவளுக்கு ஸ்டூல் போதுமா என்ன?

அவள் அசந்தால் அப்பாவோ பாட்டியோ கட்டிக்கொள்ளலாம். இன்குபேட்டர் வசதியில்லாத வண்டியில் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு மலைச்சாலை இறங்கும்போதும் இதே கட்டுதான்.