திராட்சச்செடியும் சிநேகிதரும்

யோவான் 15ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் தம்மைத் திராட்சச்செடி என்கிறார். அதே அதிகாரத்தில் தம் சீடரைச் சிநேகிதர் என்றும் அழைக்கிறார். நாமோ இவ்விரண்டையும் பிரித்து, தனித்தனிப் பிரசங்கங்களாக்கிவிடுகிறோம். ஆரணி போன்ற பட்டு நெசவு நகரில் பணிபுரியும் ஆயருக்கு வேறு இரு இடர்ப்பாடுகளும் உண்டு. சபையாருக்குக் குழித்தறியும் பாவும் ஊடையும் சரிகையும் தெரியும். திராட்சத் தோட்டத்தைப் பலர் கண்டதில்லை. மேலும், குடியினால் குலைந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் அமர்ந்திருக்கும் சபையில் திராட்சமதுவைப்பற்றி எங்ஙனம் பேசுவது?

தோழமையும் காத்திருத்தலும்

மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் அக்லூஜ் என்னும் ஊர் உள்ளது. கரும்புக்குப் பேர்பெற்ற அப்பகுதியில், இந்தியக் குடும்பங்கள் இரண்டைச் சேர்ந்த சகோதரரும் இத்தாலியச் சகோதரர் இருவரும் கூடி, 2007இல் திராட்சமது ஆலையொன்றைத் தொடங்கினர். அவர்கள் இட்ட பெயர் ‘பிராத்தெல்லி’. இத்தாலிய மொழியில் அதற்குச் ‘சகோதரர்’ என்பது பொருள். அவ்வாலையின் உயர்தரச் சிவப்பு மதுவுக்குச் ‘செத்தே’, அதாவது ‘ஏழு’, என்று பெயர். அவர்தம் வணிகத்தை நாம் இங்குப் பரிந்துரைக்கவில்லை. அத்தொழிலின் இயல்பையே நோக்குகிறோம். நட்ட கொடி தக்க பலன் தர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். பிழிந்த மது பீப்பாயில் முதிர மேலும் காலம் வேண்டும். வருவாயில்லாத அவ்வாண்டுகளில் கூட்டாளிகளைப் பிணைத்து நிற்பது ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கையே.

கவாத்தும் பசை நீக்கலும்

பலஸ்தீனத்தில் கொடி குளிர்காலத்தில் உறங்கும். அப்போது கிளைகளை வெட்டுவர். தக்காணத்திலோ கொடி உறங்குவதில்லை. ஆகவே ஏப்ரலில் ஒருமுறையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மறுமுறையும் கவாத்துச் செய்வர். உயர்ந்த மது வேண்டுவோர் காய்க்குலைகளிலும் சிலவற்றைக் கிள்ளியெறிவர்; எஞ்சிய குலைகளில் சுவை செறியும்.

யோவான் 15:2இல் நம் வேதாகமம் சுத்தம்பண்ணுதல் என்று மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் இக்கவாத்தையே குறிக்கிறது. அடுத்த வசனத்தில் சீடர் சுத்தமானவர்கள் எனப்படுவதும் அதே வேர்ச்சொல்லாலேயே. தமிழில் இத்தொடர்பு காக்கப்பட்டது. ஆனால் கத்தி மறைந்துவிட்டது.

அக்கத்தியை ஆரணியில் விளக்க ஒரு வழி உண்டு. கச்சாப் பட்டிழையைச் சாயமிடுமுன் கொதிநீரில் இட்டு, அதன்மேலுள்ள பசையை நீக்குவர். இழையின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு இதனால் குறைகிறது. எடை குறைந்தபின்னரே பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் உண்டாகின்றன. சாயமும் நன்கு ஏறுகிறது. இழப்பு அழிவன்று என்பதை நெசவாளர் தம் கைகளாலேயே அறிவர்.

பாத்திரத்தில் எது?

கருந்திராட்சையின் சாறு பெரும்பாலும் வெளிறியதே. சிவப்பு நிறம் தோலிலிருந்து வருகிறது. நசுக்கிய பழத்தைத் தோலோடு புளிக்கவிட, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். நிறமும் சாற்றில் இறங்கும். புளிக்காத ரசத்தைக் கெடாமல் வைக்கும் முறை பிற்காலத்தது. 1869இல் அமெரிக்காவின் வைன்லாந்து நகரில் தாமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்ட் பல் மருத்துவர், பாஸ்டர் கண்ட முறைப்படி சாற்றைச் சூடாக்கி, திருவிருந்துக்கென ஆயத்தம் செய்தார்.

‘திராட்சரசம்’ என்னும் தமிழ்ச்சொல் இரண்டையும் தழுவுகிறது. திருவிருந்தை ஆண்டவர் நிறுவிய பகுதிகளில் மதுவுக்குரிய ‘ஒய்னொஸ்’ என்னும் சொல் வருவதில்லை. கொடியின் கனியைக் குறிக்கும் தொடரே முதல் மூன்று நற்செய்திகளிலும் வருகிறது. இதைக்கொண்டு அன்று பருகியது மதுவன்று என நாட்ட இயலாது. 1 கொரிந்தியர் 11:21 காட்டுமாறு, கொரிந்துவில் சிலர் வெறித்தே இருந்தனர். எனினும் புளித்த மதுவே வேண்டும் எனப் பிறரைக் கட்டாயப்படுத்தவும் இதில் இடமில்லை.

குடியை விட்டு மீண்டுவரும் ஒரு சகோதரருக்கெனத் தனிக் கிண்ணம் வைப்பதைவிட, சபையார் அனைவரும் அவருக்காகப் புளிக்காத ரசத்தையே பருகுவது நலம் என எண்ணுகிறோம். ரோமர் 14:21 இவ்வழியையே காட்டுகிறது. தனிக் கிண்ணம் அவருடைய பலவீனத்தைச் சபைமுன் சுட்டிக்காட்டும். பொதுக் கிண்ணமோ அதைச் சுமக்கும். சிநேகிதருக்காக ஜீவனையே கொடுத்தவரின் பந்தியில், புளித்த மதுவின் சுவையை விட்டுக்கொடுப்பது நமக்குப் பெரிதாகுமோ?