சுவர் வளைந்ததா, லென்ஸ் வளைத்ததா?

சிதம்பரத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் பக்கச் சுவரை டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து, கடலூரில் இருக்கும் அண்ணனுக்கு இமெயிலில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன். "சுவர் வயிறு தள்ளி நிக்குதே, மழைக்கு முன்னாடி இடிச்சுடலாமா?" கொத்தனாரை வரவழைத்தேன். மாடியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தவர், "சுவர் நேராத்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டார். வளைந்திருந்தது படம்தான்!

ஜூம் செய்யாமல் அகலக் கோணத்தில் எடுக்கும்போது, பல லென்ஸ்கள் ஓரத்துக் கோடுகளைப் பீப்பாய் போல வெளிப்பக்கம் வளைத்துவிடும். இதற்கு பேரல் டிஸ்டார்ஷன் என்று பெயர். கடலூர் சில்வர் பீச்சில் சோதித்துப் பாருங்கள். தொடுவானம் படத்தின் நடுவில் வரும்படி ஒரு படம், மேல் ஓரத்தில் வரும்படி ஒரு படம் எடுங்கள். நடுவில் நேராக இருக்கும் கோடு, மேலே போனதும் வில்லாக வளையும். (பூமி உருண்டை என்பதால் அல்ல! கரையில் நின்று எடுக்கும் படத்தில் அந்த வளைவு தெரியாது.)

கொத்தனாரின் நூலைத்தான் டுவேன் பிரவுன் என்ற அமெரிக்கரும் நம்பினார். தொங்கும் நூல்களைப் படம் எடுத்து, அவை படத்தில் எவ்வளவு வளைகின்றன என்பதிலிருந்து லென்ஸின் பிழையைக் கணக்கிடும் முறையை 1971-ல் வெளியிட்டார்.

நூல் இல்லாமலும் கோட்டைக் கண்டுபிடிக்கலாம். பால் ஹஃப் என்பவர் 1962-ல் பேட்டன்ட் பெற்ற முறை இன்றும் பயன்படுகிறது. படத்தில் வெளிச்சம் சட்டென்று மாறும் ஒவ்வொரு புள்ளியும், தன் வழியாகச் செல்லக்கூடிய எல்லாக் கோடுகளுக்கும் ஓட்டுப் போடும். அதிக ஓட்டு வாங்கியதே உண்மையான கோடு. கோடு வளைந்திருந்தால் ஓட்டுகள் சிதறிவிடும்.

இலவச சாஃப்ட்வேரான ஹூகின் உடன் வரும் லென்ஸ் கேலிப்ரேஷன் டூல், நேர்கோடுகளைத் தானே தேடி லென்ஸின் பிழையைக் கணக்கிடும். கதவு, ஜன்னல், கட்டட விளிம்பு உள்ள படமாகக் கொடுங்கள். நடராஜர் கோயில் கோபுரத்தைக் கொடுக்காதீர்கள். அது நிறைய சிற்பங்களோடு குறுகிக்கொண்டே போவது, அளவுகோலுக்கு ஆகாது. ஜூம் மாறினால் கணக்கும் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரே ஒரு படம்தான் என்றால் கிம்ப் போதும். ஃபில்டர்ஸ் மெனுவில் டிஸ்டார்ட்ஸ், அதில் லென்ஸ் டிஸ்டார்ஷன். "மெயின்" ஸ்லைடரை இரு பக்கமும் மெல்ல நகர்த்தி, கோடு நிமிரும் இடத்தில் நிறுத்தி ஓகே க்ளிக் செய்யுங்கள். கேமராவை அண்ணாந்து பிடித்ததால் சுவர் சாய்ந்து தெரிந்தால் இது சரி செய்யாது; அது கோணத்தின் வேலை.

நிமிர்த்திய படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். "சுண்ணாம்பு அடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று பதில் வந்தது.