எலி வளையில் ஒரு ராணி

மார்ச் மாத வாக்கில் இங்கிலாந்துத் தோட்டங்களில், கனத்த உடம்போடு தரையை ஒட்டிப் பறந்து, வேலியோரமும் புதரடியும் துழாவும் ஒரு தேனீயைப் பார்க்கலாம். அது தேடுவது பூவை அல்ல, எலி விட்டுப்போன வளையை.

பெயர் பம்பிள்பீ. அதில் ஐரோப்பாவெங்கும் சாதாரணமாகத் தென்படும் இனம் பாம்பஸ் டெரஸ்ட்ரிஸ். கறுத்த ரோமம், இரண்டு மஞ்சள் பட்டை, ராணிக்கு வால் நுனி மங்கிய பழுப்பு. நம் ஊர் முருங்கைப் பூவில் ரீங்கரிக்கும் கருவண்டு இதுவல்ல; அது மரத்தைத் துளைத்துக் குடியிருப்பது. பம்பிள்பீக்குக் குளிர்தான் பிடிக்கும். இந்தியாவில் அதன் உறவுகளைக் காண இமயமலைப் பக்கம் போகவேண்டும்.

வளை கிடைத்ததும் ராணி மகரந்தத்தை உருண்டை பிடித்து அதில் முட்டையிடும். எதிரே மெழுகில் ஒரு சின்னக் குடம் செய்து தேன் நிரப்பிக்கொள்ளும். பிறகு கோழி அடைகாப்பதுபோலவே வயிற்றை அழுத்திப் படுத்துவிடும். இறக்கை அசையாது, பறப்பதற்கான தசைகள் மட்டும் உள்ளே நடுங்கும். அந்தச் சூட்டில், வெளியே குளிர் எப்படி இருந்தாலும், புழுக்கள் 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வளரும். பசித்தால் படுத்த இடத்திலிருந்தே குடத்துக்குள் நாக்கை நீட்டும்.

சில வாரங்களில் வேலைக்காரத் தேனீக்கள் வந்ததும் ராணி வெளியே போவதை நிறுத்திவிடும். கூட்டில் சில நூறு பேர் சேர்வார்கள். தேன் சில நாள் சாப்பாட்டுக்குத்தான் காணும். நமக்கு எடுக்க ஒன்றுமில்லை. பருவம் முடிந்தால் பழைய ராணி உட்பட எல்லாம் மடியும். இணை சேர்ந்த இளம் ராணிகள் மட்டும் மண்ணைத் தோண்டி உறங்கப் போகும்.

தக்காளிப் பூவின் மகரந்தப்பை பவுடர் டப்பா மாதிரி, குலுக்கினால்தான் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அது வராது. பம்பிள்பீ பூவைக் கவ்விக்கொண்டு, அடைகாத்த அதே தசைகளால் உலுக்கும். முன்பு ஐரோப்பியக் கண்ணாடிக்குடில்களில் ஆட்கள் மின்கருவியோடு பூப்பூவாகப் போய் அதிரவைத்தார்கள். 1980களின் இறுதியிலிருந்து அந்த வேலைக்குப் பெட்டியில் அடைத்த பம்பிள்பீக் கூடுகள் விற்பனைக்கு வந்தன.

விற்பனை கண்டம் தாண்டியதுதான் வினையாயிற்று. 1990களின் பிற்பகுதியில் சிலி இவற்றை இறக்குமதி செய்தது. அங்கிருந்து அவை தாமாகவே ஆண்டீஸ் கடந்து அர்ஜென்டினாவிலும் பரவின. அப்பகுதிக்கே உரிய, செம்பொன் நிறத்தில் உலகின் மிகப் பெரிய பம்பிள்பீக்களுள் ஒன்றான டால்போமி இன்று அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.