25 வருஷம் கழித்து மரியோ: சின்ன வயசில் நமக்குப் புரியாமல் போனது என்ன?

பொங்கல் லீவுக்கு ஆலங்குடி போயிருந்தபோது, பரணைச் சுத்தம் பண்ணச் சொன்னார் அம்மா. பழைய பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு மஞ்சள் கேசட், ஒயர் சுற்றிய இரண்டு ரிமோட். 90ஸ் கிட்ஸுக்குச் சொல்லவே வேண்டாம், டிவி கேம்!

அடாப்டர் வேலை செய்யவில்லை. சென்னை திரும்பியதும் நண்பரின் நிண்டெண்டோ ஸ்விட்சில் அதே 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாடினேன். சின்ன வயசில் பாதிகூடத் தாண்டாத கேமை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டேன். நான் திறமைசாலி ஆகிவிட்டேனா? அதுதான் இல்லை.

ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது?

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985-ல் வெளியிட்ட கேம் இது. மொத்த அளவே 40 கிலோபைட்தான். வாட்ஸ்அப்பில் வரும் குட் மார்னிங் படமே அதைவிடப் பெரிசு. இடத்தை மிச்சப்படுத்த, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைத்தான் பயன்படுத்தினார்கள். கலர் மட்டும் வேறு.

மொத்தம் 8 உலகம், 32 கட்டம். குறுக்குவழிக் குழாய்கள் தெரிந்தவர்களில் 5 நிமிஷத்துக்குள் முடிப்பவர்களும் உண்டு. இவ்வளவு சின்ன கேம் மாசக்கணக்கில் ஓட வேண்டும் என்றால், ஆட்டம் கஷ்டமாக இருந்தாக வேண்டும். கையில் 3 உயிர். சேவ் வசதி கிடையாது. கரண்ட் போனால் மறுபடி முதல் கட்டம்தான். நம்ம ஊரில் கரண்ட் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு ரகசியமும் இருந்திருக்கிறது. உயிரெல்லாம் தீர்ந்தபிறகு, ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் கொடுத்தால், செத்துப்போன உலகத்தின் தொடக்கத்திலிருந்தே ஆடலாம். நம் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் நகல் மெஷின்கள். வழிகாட்டிப் புத்தகம் எதுவும் கூட வரவில்லை. யார் சொல்லித் தருவார்?

ஸ்விட்சில் தப்பு செய்தால் ரீவைண்ட் பண்ணிக்கொள்ளலாம். நான் ஜெயித்தது அப்படித்தான்.

அந்த இங்கிலீஷ் வரி

கடைசிக் கோட்டை தவிர, ஒவ்வொரு கோட்டை முடிவிலும் திரையில் ஒரு வரி வரும். அதை 'வாழ்த்துகள்' என்றே நினைத்துக் கைதட்டியிருக்கிறோம். இப்போதுதான் படித்தேன். இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று சொல்கிறது!

இரண்டாவது ரிமோட்

இரண்டு பேர் ஆடினாலும் இதில் சேர்ந்து ஆட முடியாது. மரியோ செத்தால்தான் லூயிஜிக்கு முறை வரும். மரியோ எப்பவும் அண்ணன், லூயிஜி நான். நல்லா ஆடுகிறவர் கையில் ரிமோட் இருந்தால் அடுத்தவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். ஆனால், நான் ரொம்ப நேரம் காத்திருந்ததாக ஞாபகமே இல்லை. அண்ணன் முதல் கட்டத்துக் குழியிலேயே விழுந்துவிடுவார்.

இப்போது ஆடும்போது அந்தக் குழியைப் பார்த்தேன். ரொம்பச் சின்னது, நின்ற இடத்திலிருந்தே தாண்டலாம். தனியாக ஆடும்போது நாலாவது உலகம் வரை போனவர் இதில் எப்படி விழுந்தார்?

அண்ணன் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அப்பா தவறியபிறகு வீட்டுப் பங்கு விஷயத்தில் ஒரு மனத்தாங்கல். ரெண்டு வருஷமாகப் பேச்சு 'நல்லா இருக்கியா'வோடு நின்றுவிடும். அன்றைக்கு ராத்திரி நானே போன் போட்டேன்.

"அண்ணே, மரியோல அந்த முதல் குழியில வேணும்னேதான் விழுவியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார்.

"விழலைன்னா நீ அழுவியேடா."

ஒரு மணி நேரம் பேசினோம். வீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார். அதற்குள் அந்தப் பழைய பெட்டிக்கு ஒரு அடாப்டர் தேட வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். எடுத்தால் தனியாக ஆடாதீர்கள். அந்த இரண்டாவது ரிமோட் யாருடையது என்று யோசித்து, முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.