கப்பல் அறைக்கு ஒரு கட்டுச்சோறு

நடுக்கடலில் ஒரு மாலை. மேல்தளத்தில் காற்று தாங்கவில்லை என்று அம்மா அறைக்குத் திரும்பிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். "அப்பாவோட அறுபதாம் கல்யாணத்தைப் போடேன், பார்க்கலாம்" என்றார். அந்த வீடியோ என் பென்டிரைவில் இருந்தது. கட்டிலுக்கு எதிரே சுவரில் பெரிய டிவியும் இருந்தது. பென்டிரைவைச் செருகினேன், டிவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. லேப்டாப்பை இணைத்துப் பார்க்கலாம் என்று ரிமோட்டில் ‘சோர்ஸ்’ பொத்தானைத் தேடினேன். அப்படி ஒரு பொத்தானே அதில் இல்லை.

அந்த மாலையில் எழுந்த கேள்விகளுக்கு விடை தேடியபோதுதான், கப்பல் அறையில் இருக்கும் டிவி தனி வகை இயந்திரம் என்பது புரிந்தது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கிய பிறகு, நம் குடும்பங்களுக்கும் கப்பல் பயணம் கைக்கெட்டும் விஷயமாகிவிட்டது. சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறையில் இருப்பது வீட்டு டிவி அல்ல

வீட்டு டிவி நமக்கு மட்டும் கட்டுப்பட்டது. கப்பல் டிவி கப்பலுக்குக் கட்டுப்பட்டது. ஆன்டெனா பிடிக்கும் செயற்கைக்கோள் சேனல்கள், கப்பலிலேயே சேமித்து வைத்திருக்கும் படங்கள், கப்பலின் முன்பக்கத்திலிருந்து கடலைக் காட்டும் கேமரா, நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டும் வரைபடம் எல்லாம் ஒரு மைய அறையில் ஒன்றுசேர்ந்து, ஒரே கம்பி வழியாக ஒவ்வோர் அறைக்கும் போகின்றன. பழைய கப்பல்களில் அது நம் ஊர்க் கேபிள்காரர் இழுத்துவரும் அதே கோஆக்சியல் கம்பி. புதிய கப்பல்களில் கணினி வலைக்கம்பி. உயிர்காப்பு அங்கியை எப்படி அணிவது, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று விளக்கும் பாதுகாப்புப் படமும் பல கப்பல்களில் இந்த டிவியில்தான் ஓடுகிறது. அதைப் பார்த்து முடிக்கும் வரை டிவியில் எதையும் மாற்றாமல் இருப்பது நல்லது.

இப்படிப்பட்ட டிவிகளை எல்ஜி, சாம்சங் போன்ற நிறுவனங்கள் ஓட்டல்களுக்கென்றே தனியாகத் தயாரிக்கின்றன. அவற்றுக்குள் ‘ஓட்டல் மோட்’ என்றொரு அமைப்பு உண்டு. ஒலி எவ்வளவு வரை கூடலாம், டிவியைப் போட்டதும் எந்தச் சேனல் வர வேண்டும், எந்தத் துளைகள் வேலை செய்யலாம் என்பதையெல்லாம் அதில் முன்கூட்டியே பூட்டிவைக்கலாம்.

எதற்காகப் பூட்ட வேண்டும்? 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 2,805 அறைகள் இருக்கின்றன. பயணம் முடியும் நாளில் காலையில் பழைய பயணிகள் இறங்குவார்கள். பிற்பகலுக்குள் புதியவர்கள் ஏறிவிடுவார்கள். முந்தைய பயணி டிவியை வேறு இன்புட்டுக்கு மாற்றிவைத்துவிட்டுப் போனால், அடுத்து வருபவருக்கு வெறும் கறுப்புத் திரைதான் தெரியும். நூறு அறைகளில் இப்படி நடந்தால் நூறு தொலைபேசி அழைப்புகள் வரும். பூட்டு போடுவதற்கான காரணம் இதுதான்.

பத்தொன்பது ஊசிகளின் உரையாடல்

சொந்தக் கருவியைக் கப்பல் டிவியுடன் இணைக்க நம்பகமான வழி எச்டிஎம்ஐ கம்பிதான். ஹிட்டாச்சி, பானசோனிக், சோனி, தோஷிபா, பிலிப்ஸ் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 2002 டிசம்பரில் இதன் முதல் வரையறையை வெளியிட்டன. படமும் ஒலியும் ஒரே கம்பியில் இலக்க வடிவில் போகும். அதன் முனையில் 19 ஊசிகள்.

கம்பியைச் செருகியவுடன் படம் பாய்ந்துவிடுவதில்லை. லேப்டாப் முதலில் ஓர் ஊசி வழியாக 5 வோல்ட் மின்சாரம் அனுப்பும். டிவி இன்னோர் ஊசியில் ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் காட்டும். பிறகு டிவி தன் ஜாதகத்தைக் கொடுக்கும்: திரையின் அளவு என்ன, எத்தனை புள்ளிகள், எந்த ஒலி வடிவம் தெரியும் என்று. அதற்கேற்ற படத்தை லேப்டாப் தயார் செய்யும். காப்புரிமை உள்ள படமென்றால் இரு கருவிகளும் ரகசியச் சாவிகளைச் சரிபார்த்துக்கொள்ளும். இவ்வளவும் ஓரிரு நொடிகளில் நடந்துவிடும். நடுவில் ஏதாவது தடுமாறினால் திரை கறுப்பாகவே நிற்கும். அப்போது கம்பியை உருவி, டிவியை அணைத்துப் போட்டு, மறுபடி செருகினால் உரையாடல் முதலிலிருந்து தொடங்கும். பெரும்பாலும் சரியாகிவிடும்.

கம்பியின் நீளத்தையும் யோசிக்க வேண்டும். டிவி சுவரோடு ஒட்டி இருக்கும்; துளை பின்புறம் ஒளிந்திருக்கும். குட்டையான கம்பி மேசை வரை வராது. 2 அல்லது 3 மீட்டர் கம்பியும், முனையைப் பக்கவாட்டில் திருப்பித் தரும் ‘எல்’ வடிவ இணைப்பி ஒன்றும் கையில் இருந்தால் இடுக்கிலும் செருகலாம்.

பூட்டிய கதவுக்கு எத்தனை சாவி?

கம்பி செருகியாயிற்று, டிவியோ இன்னும் கப்பல் சேனலையே காட்டுகிறது. ரிமோட்டில் ‘இன்புட்’ பொத்தான் இல்லாவிட்டால் டிவியின் அடிப்பக்கத்தையோ பின்விளிம்பையோ விரலால் தடவிப் பாருங்கள். பல டிவிகளில் அங்கே ஒரு சிறு பொத்தான் இருக்கும்.

அதுவும் பலிக்காவிட்டால் எச்டிஎம்ஐக்குள்ளேயே இருக்கும் ‘சிஇசி’ என்ற வசதி சில நேரம் கைகொடுக்கும். கம்பியின் ஒரு இழை வழியாகக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஃபயர் டிவி போன்ற ஸ்டிக்கைச் செருகி அதன் ரிமோட்டை அழுத்தினால், டிவி தானாகவே அந்தத் துளைக்கு மாறிக்கொள்ளும்.

இரண்டும் நடக்கவில்லையென்றால் அறைப் பணியாளரிடம் கேளுங்கள். பராமரிப்புக் குழுவிடம் முழுப் பொத்தான்களும் உள்ள ரிமோட் இருக்கும். சுவரிலிருந்து வரும் கம்பியைப் பிடுங்கினால் பூட்டு விலகும் என்று சிலர் சொல்வதைச் செய்யாதீர்கள். அது உங்களுடைய கம்பி அல்ல. பிடுங்கியதைத் திரும்பப் பொருத்தும்போது இணைப்பி வளைந்தால் அடுத்து வரும் குடும்பத்துக்கு டிவியே இருக்காது.

எல்லா டிவியிலும் எச்டிஎம்ஐ துளை இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். கப்பல்களுக்கு ஆயுள் அதிகம். எம்பிரஸ் கப்பலே 1990-இல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. எச்டிஎம்ஐ பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே. கப்பல்களைப் புதுப்பிக்கும்போது டிவிகளையும் மாற்றுவார்கள் என்றாலும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள் மட்டுமே உள்ள டிவி எங்காவது எதிர்ப்படலாம். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை மூன்று நிறம் என்று கடையில் கிடைக்கும் வெறும் கம்பி அங்கே உதவாது. இலக்க சமிக்ஞையை அலைவடிவமாக மாற்ற மின்சாரத்தில் இயங்கும் சிறு பெட்டி ஒன்று நடுவில் வேண்டும்.

செல்போனும் பென்டிரைவும்

செல்போனையே டிவியில் காட்ட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யுஎஸ்பி-சி துளை உள்ள எல்லாப் போன்களும் படத்தை வெளியே அனுப்பாது. வெளியில் பார்க்க எல்லாம் ஒரே துளைதான். உள்ளே ‘டிஸ்ப்ளேபோர்ட்’ வசதியைத் தயாரிப்பாளர் வைத்திருக்க வேண்டும். ஐபோன் 15 வரிசையில் அது உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் கிடையாது. அடாப்டர் வாங்கியதும் வீட்டு டிவியில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பென்டிரைவ் கதை வேறு. ஓட்டல் மோட் யுஎஸ்பி துளையை முடக்கியிருக்கலாம். முடக்காவிட்டாலும், பென்டிரைவ் எந்த முறையில் ஃபார்மட் செய்யப்பட்டது என்பது முக்கியம். பழைய டிவிகள் பலவும் ‘ஃபேட்32’ என்ற முறையை மட்டுமே படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிவான இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய 3.6 ஜிபி வரும். அது உள்ளே போய்விடும். மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ போகாது. அதை இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. என் பென்டிரைவ் வேறு முறையில் ஃபார்மட் ஆகியிருந்ததும் அன்றைய தடைகளில் ஒன்று.

கம்பியில்லா வழி ஏன் கடலில் தடுமாறுகிறது?

வீட்டில் போன் திரையைத் தொட்டால் படம் டிவிக்குத் தாவுகிறது. அதற்குப் போனும் டிவியில் செருகிய ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான அந்நியர்கள் சேர்ந்து பயன்படுத்தும் வைஃபையில் ஒருவர் கருவி இன்னொருவருக்குத் தெரிந்தால் ஆபத்து. ஆகவே பொது வைஃபைகளில் கருவிகளுக்கு நடுவே சுவர் எழுப்பிவிடுவார்கள். உங்கள் போனுக்கும் உங்கள் ஸ்டிக்குக்கும் நடுவிலும் அதே சுவர் நிற்கும். அறை எண்ணும் பெயரும் கேட்கும் நுழைவுப் பக்கத்தில் சில ஸ்டிக்குகளால் விவரங்களை நிரப்பவும் முடியாது. கருவிக்கு இவ்வளவு என்று இணையக் கட்டணம் வாங்கும் கப்பல்களில் ஸ்டிக்கும் ஒரு கருவியாகக் கணக்கில் சேரும்.

எல்லாவற்றுக்கும் மேல், கடலில் இணையம் வானத்திலிருந்து வருகிறது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் வழியாகக் கேள்வி போய்ப் பதில் வருவதற்கு ஒளியின் வேகத்திலும் அரை நொடி ஆகும். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் வந்த பிறகு நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. 2022-இல் ராயல் கரீபியன் நிறுவனம் தன் கப்பல்களில் அதைப் பொருத்தப் போவதாக அறிவித்தது. ஆனாலும் ஒரு கப்பல் நிறையப் பேர் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். செல்போன் டேட்டாவை நம்பவே வேண்டாம். கரையைத் தாண்டியதும் போன் பிடிப்பது கப்பலின் சொந்தச் செயற்கைக்கோள் கோபுரமாக இருக்கலாம். கட்டணம் மலைக்க வைக்கும். ஏறியதும் விமான மோடில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டியதில்லை. பார்க்க விரும்பும் படங்களை வீட்டு இணையத்திலேயே தரவிறக்கி எடுத்துப் போகலாம். ரயில் பயணத்துக்குப் புளியோதரை கட்டுவது போலத்தான் இதுவும். கட்டுச்சோற்றுக்குக் கெடு இருப்பது போல, தரவிறக்கிய படத்துக்கும் உண்டு: சில படங்கள் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். கிளம்பும் முன் ஒருமுறை இணையத்தைத் துண்டித்துவிட்டு அவை ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

கப்பல் மின்சாரம்

நம் வீட்டில் ஃபேஸ், நியூட்ரல் என்று இரண்டு கம்பிகள். நியூட்ரலை மண்ணோடு இணைத்திருப்பார்கள். பல கப்பல்களில் மின்சாரக் கம்பி எதையும் கப்பலின் இரும்பு உடலோடு இணைப்பதில்லை. ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டாலும் மின்சாரம் நின்றுவிடாமல் முக்கியக் கருவிகள் ஓட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அங்கே இரண்டு கம்பிகளிலுமே மின்னழுத்தம் இருக்கும். வீட்டுக்கென்று செய்த ‘சர்ஜ் புரொடெக்டர்’ பலகையை அங்கே மாட்டினால், அதன் உள்ளுறுப்பு சூடாகித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-இல் இதைக் குறித்தே எச்சரிக்கை விடுத்தது. கடலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை. ஆகவேதான் கப்பல்களில் அந்தப் பலகைகளைப் பறிமுதல் செய்கிறார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சொந்த வைஃபை ரூட்டரையும் தடுக்கும் கப்பல்கள் நிறைய. பல துளைகள் உள்ள யுஎஸ்பி சார்ஜர் பெரும்பாலும் போதும்; கப்பலின் தடைப் பட்டியலை மட்டும் முன்கூட்டிப் படித்துவிடுங்கள்.

அறைகளில் அமெரிக்க வகைத் துளையும் ஐரோப்பிய வகைத் துளையும் இருப்பது வழக்கம். நம் செல்போன் சார்ஜரின் இரண்டு உருண்டை ஊசிகள் ஐரோப்பியத் துளையில் பொருந்தும். லேப்டாப்பின் மூன்று ஊசிக்குத்தான் மாற்றி வேண்டும். ஸ்டிக்குக்கு டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்தால் அரை ஆம்பியர்தான் கிடைக்கக்கூடும். பல ஸ்டிக்குகள் ஒரு ஆம்பியர் கேட்கும். அடிக்கடி அணைந்து எழுந்தால் இதுவே காரணம். அதன் சொந்தச் சார்ஜரில் மாட்டுங்கள்.

ஆக, பெட்டியில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: 3 மீட்டர் எச்டிஎம்ஐ கம்பி, எல் இணைப்பி, போனுக்குச் சோதித்துப் பார்த்த அடாப்டர், படங்கள் நிரம்பிய லேப்டாப் அல்லது டேப்லெட், ஒரு பென்டிரைவ். இறங்கும் நாளில் கம்பியை உருவி, டிவியைப் பழைய இன்புட்டுக்கே மாற்றிவிட்டு வர வேண்டும். அடுத்து வருபவருக்கு நாம் செய்யும் மரியாதை அது.

அன்று நான் கடைசியில் அறைப் பணியாளரிடம்தான் கேட்டேன். பராமரிப்புக்காரர் ஒருவர் வந்து தன் ரிமோட்டால் இன்புட்டை மாற்றித் தந்தார். பென்டிரைவை லேப்டாப்பில் போட்டு, கம்பியால் டிவியோடு இணைத்தேன். நாகஸ்வரம் அறையை நிரப்பியது. கலசத் தண்ணீர் தலையில் விழ, அப்பா கண்ணை மூடிச் சிரிக்கும் இடம் வந்தது. "நிறுத்து" என்றார் அம்மா. நிறுத்தினேன். வெளியே கடல் இருண்டிருந்தது. அம்மா வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.