முழங்காலும் நஷ்டஈடும்

பொங்கல் விழாப் பந்தியில் எல்லோரும் தரையில் உட்கார, நான் மட்டும் ஓரத்தில் நாற்காலி போட்டுச் சாப்பிட்டேன். "என்ன சார், ரிடையர் ஆனதும் ராஜ உபசாரமா?" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். காரணம் என் வலது முழங்கால். கதையைக் கேட்ட நம் ஆசிரியர், "அப்படியே எழுதிக் கொடுங்கள், நாலு பேருக்கு உதவும்" என்றார். முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவனுக்கு ரிப்போர்ட் எழுதத்தான் தெரியும். பிழையிருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2022 நவம்பர். நாக்பூரில் குளிர் ஆரம்பித்திருந்தது. காலையில் காய்கறி வாங்கப் போன என்னை, ராங் சைடில் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளியது. ஓட்டியவன் கல்லூரிப் பையன். சற்று நேரத்தில் அவன் அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். போலீஸுக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சி, ஐயாயிரம் ரூபாயை நீட்டினார். பணத்தை வாங்கவில்லை. ஆனால் பாவமாக இருந்தது. "போகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டு நண்பருக்கோ வேறு பயம். ஆக்ஸிடெண்ட் என்றால் தன்னையும் கோர்ட்டுக்கு இழுப்பார்களே என்று, "வழுக்கி விழுந்துட்டார்" என்று எழுதவைத்துவிட்டார். எனக்கு நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். அந்த ஒரு வரி என்னை இரண்டு வருஷத்துக்கு மேல் படுத்தியது.

முழங்கால் மூட்டில், கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு பிளந்திருந்தது. ஆபரேஷன் செய்து தகடும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். ஆயுசெல்லாம் ரயிலுக்கு ஃபிஷ் பிளேட் போட்டவனுக்கே ஃபிஷ் பிளேட்! பில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியது. அன்றிரவு என் மனைவி கேட்டாள்: "ஏங்க, வண்டி தடம் புரண்டா எல்லா டிபார்ட்மெண்டும் கையெழுத்துப் போட்டு ஜாயிண்ட் நோட் எழுதுவீங்களே. உங்க கால் தடம் புரண்டதுக்கு ஒரு காகிதம் கூடக் கிடையாதா?"

சுருக்கென்றது. நாலாம் நாள் மகன் ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தான். பஞ்சநாமா மராத்தியில் இருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னேன். "இடது கால்" என்று இருந்தது! திருத்திய பிறகே கையெழுத்துப் போட்டேன். சம்பவத்தை நேரில் பார்த்த டீக்கடைக்காரர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார்.

வக்கீல் முதலில் என் மனக்குறையைப் போக்கினார். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். பாலிசியும் லைசென்ஸும் சரியாக இருந்தால் நஷ்டஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். பையன் வீட்டுச் சொத்துக்கு ஆபத்தில்லை. அவன்மேல் போலீஸ் போட்ட கேஸ் தனியாக நடக்கும்.

2023 ஏப்ரலில், 166-ஆம் பிரிவின் கீழ், மோட்டார் விபத்து நஷ்டஈட்டு டிரிப்யூனலில் மனுக் கொடுத்தோம். கம்பெனி வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்தி இரண்டே கேள்வி கேட்டார். "பென்ஷன் நின்றுவிட்டதா?" இல்லை என்றேன். "அப்படியானால் என்ன நஷ்டம்?" என்பது அவர் வாதம். அடுத்து ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டி, "வழுக்கி விழுந்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்களே?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

என்னைக் காப்பாற்றியவர் அதே நண்பர்தான். எந்தக் கோர்ட்டுக்குப் பயந்தாரோ அதே கோர்ட்டுக்கு வந்து, "அது நான் சொன்ன பொய், போலீஸுக்குப் பயந்து சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டார். டீக்கடைக்காரரின் சாட்சியமும் பஞ்சநாமாவும் அதற்குப் பொருந்தின. 2025 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. சம்பள நஷ்டம் என்று ஒன்றும் கிடையாது. மருத்துவச் செலவு, உதவியாள் கூலி, வலி, இனிச் சம்மணம் போட்டு உட்கார முடியாத குறை ஆகியவற்றுக்காக மூன்று லட்சத்து அறுபதாயிரமும், மனுக் கொடுத்த நாளிலிருந்து வட்டியும்.

என் கதை போகட்டும். நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

ஒன்று: ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது, பெயர் சொல்லும்படி கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-ஆம் வருஷத் திருத்தத்தில் சேர்ந்த 134ஏ பிரிவின் கீழ் உள்ள விதிகள் சொல்கின்றன. சாலை விபத்து என்று பதிவானால்தான், 2025 மே மாதம் வந்த திட்டப்படி, குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் முதல் 7 நாளுக்கு 1,50,000 ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும்.

இரண்டு: 1.4.2022 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பேச்சுவார்த்தையில் நாளைக் கடத்தாதீர்கள்.

மூன்று: லீவில் ஊருக்குப் போய் மதுரையில் அடிபட்டாலும், நாம் குடியிருக்கும் ஊரின் டிரிப்யூனலிலேயே மனுக் கொடுக்கலாம். வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏற வேண்டியதில்லை.

நான்கு: இடித்த வண்டி ஓடிவிட்டாலும் மனம் தளர வேண்டாம். பலத்த காயத்துக்கு 161-ஆம் பிரிவில் 50,000 ரூபாய் உண்டு. வண்டி தெரிந்திருந்து, யார் தப்பு என்று நிரூபிக்க முடியாவிட்டால் 164-ஆம் பிரிவில் 2,50,000 கேட்கலாம். எலும்பு முறிவு பலத்த காயம்தான்.

ஐந்து: சம்பாதிக்கிறவர்களுக்குக் கணக்கே வேறு. "காலில் 30 சதவீத ஊனம்" என்று டாக்டர் எழுதுவது காலுக்கு மட்டும். அதனால் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும் என 2010-இல் ராஜ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. உதாரணமாக, மாவு அரைத்து விற்று மாதம் 20,000 சம்பாதிக்கும் 38 வயதுப் பெண்ணின் வருமான சக்தி 15 சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதுக்குப் பெருக்கு எண் 15. வருஷ வருமானம் 2,40,000; அதை 15-ஆல் பெருக்கி, அதில் 15 சதவீதம் எடுத்தால் 5,40,000. மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் தனி. ஆகவே வீட்டுத் தொழில் செய்பவர்கள் வரவு நோட்டும் பாங்க் பாஸ்புக்கும் ஒழுங்காக வைத்திருப்பது அவசியம்.

ஆறு: எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஆட்டோச் செலவு எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். பொய் பில் மட்டும் சேர்க்காதீர்கள். எனக்கும் ஒருவர் யோசனை சொன்னார். ஒரு பொய்யே என்னை எவ்வளவு படுத்தியது என்று அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பணம் வந்த அன்று நண்பர் வீட்டுக்கு ஸ்வீட் எடுத்துப் போனேன். அவர் வீட்டில் ஒன்பது படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினேன்.