கரிய சேற்றில் மறைந்திருக்கும் பைரைட்

திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தாலுகாக்களில், பழவேற்காட்டு ஏரியையும் உப்பங்கழிகளையும் அடுத்துத் தாழ்ந்த நிலங்கள் பல உண்டு. அவற்றில் வடிகாலை ஆழப்படுத்தவோ, பண்ணைக் குட்டை வெட்டவோ எண்ணுவோர், அடியிலுள்ள கரிய சேற்றின் குணத்தை முன்னரே அறிந்துகொள்ளுதல் அவசியமாகும். அத்தகைய சேற்றில் பைரைட் என்னும் தாதுப்பொருள் மறைந்திருக்கக் கூடும்.

பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் கூடிய பொருள். நூறு பங்கில் 46.6 பங்கு இரும்பு, எஞ்சிய 53.4 பங்கு கந்தகம். கல்லாக அகப்படுங்கால் பித்தளை நிறமும் பளபளப்பும் உடையதாய், பெரும்பாலும் கனசதுர வடிவில் காணப்படும். நீரைப்போல் ஐந்து மடங்கு கனமுடையது. எஃகினால் தட்டினால் பொறி பறக்கும். இதனைப் பொன்னென்று மயங்கினோர் பலர். பொன்னை அடித்தால் தகடாகும், பைரைட்டோ நொறுங்கிப்போம்.

கடலோரச் சேற்றில் இது கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாய் உண்டாகிறது. காற்றுப் புகாத சேற்றில், கடல்நீரிலுள்ள கந்தக உப்புக்களை நுண்ணுயிர்கள் மாற்ற, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு பிறக்கும். அது மண்ணின் இரும்போடு கூடிக் காலப்போக்கில் பைரைட்டாகும். நீருக்கடியில் இருக்குமளவும் தீங்கில்லை. சேற்றை வெட்டிக் கரையிலிட்டால், பிராணவாயுவும் ஈரமும் பட்டுக் கந்தகத் திராவகம் உண்டாகும். ஒரு பங்கு பைரைட் முழுவதும் சிதைந்தால் ஒன்றரைப் பங்கிற்கு மேல் திராவகம் கிடைக்கும். அதனை முறிக்கச் சுண்ணாம்புக்கல் தூளும் ஏறக்குறைய அவ்வளவே வேண்டும். மழை பெய்யுங்கால் இத்திராவகம் வயலிலும் குட்டையிலும் இறங்கி, பயிரின் வேரையும் மீனையும் கெடுக்கும். கேரளத்துக் குட்டநாட்டின் 'கரி' நிலங்கள் புளிப்பு மிகுந்திருப்பதற்கு இதுவே முக்கிய காரணம். அங்குள்ள உழவர் நீரால் அலசியும் சுண்ணாம்பிட்டும் நெல் விளைவிக்கின்றனர்.

சிப்பி ஓடுகள் மிகுந்த சேற்றில் புளிப்பு தானே அடங்குதலும் உண்டு. ஆதலின் நிறத்தை மட்டும் கண்டு முடிவு செய்தல் தகாது. வெவ்வேறு ஆழங்களில் எடுத்த சேற்றை 1 செண்டிமீட்டர் கனமாகப் பரப்பி, ஈரம் குன்றாமல் 8 வாரம் காற்றுப்பட வைக்க வேண்டும். முதலிலும் முடிவிலும் அதன் பி.எச். அளவைப் பரிசோதித்தல் வேண்டும். அது வெகுவாய்க் குறைந்து 4க்குக் கீழ் இறங்கினால், அந்த அடுக்கைத் தோண்டாது விடுதலே நன்று. முன்னரே தோண்டியிருப்பின், அச்சேற்றை வயலில் பரப்பாமலும், மேல்மண்ணோடு கலவாமலும் ஒதுக்கி, பரிசோதனையின்படி சுண்ணாம்பு இடுக. திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரின் ஆலோசனையையும் கேட்டறியலாம்.

இதே குணம் களர் நிலத்திற்கு நன்மையாவதும் உண்டு. பீகாரிலுள்ள அம்ஜோர் சுரங்கத்தின் பைரைட், வடநாட்டுக் களர் நிலங்களைத் திருத்தப் பயன்பட்டது. ஆங்கு மருந்தானது ஈங்கு நஞ்சாகலாம். ஆகவே, நிலவுடையோரும் கிராம அதிகாரிகளும் மண்வெட்டியை எடுக்குமுன் மண்ணைச் சோதித்துக்கொள்வாராக.